நடுக்கட்டத்துச் சிப்பாய்கள்

குட்டாய்சி,
மார்ச் 9

அன்பு நானூலிக்கு,

நாங்கள் நலம். வெள்ளிக்கிழமை இத்தாலிக்குப் புறப்படும் வேனில் வால்நட்டும் சோளமாவும் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதமும் அதோடு வரும். போனில் பேசும்போது மகள் பக்கத்திலேயே நிற்கிறாள். சிலவற்றைச் சொல்ல முடிவதில்லை.

தெக்லா சனிக்கிழமை சதுரங்கப் போட்டியில் தோற்றுவிட்டாள். உன்னிடம் "நல்லா ஆடினேம்மா" என்று மட்டும்தான் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் சதுரங்கப் பலகையை விரித்தாள். கறுப்புக் காய்களோடு அவள் ஆடும் அந்தத் தொடக்கம் எனக்குப் பிடிக்காது, உனக்குத் தெரியும். எதிராளி நடுவில் இரண்டு சிப்பாய்களைக் கொண்டுவந்து நிறுத்தும்வரை பார்த்துக்கொண்டிருப்பது என்ன ஆட்டம்?

"மொதல்லயே நடுவைப் புடிச்சுக்கிட்டா என்ன, கழுதை?" என்று கேட்டேன்.

"விட்டுக்கொடுக்கலப்பா, கட்டட்டும்னு விடறோம். கட்டினதும் இடிக்கணும். பாரு, மூலையில இருக்கற மந்திரி குறுக்கால அந்தச் சிப்பாயையே மொறச்சுக்கிட்டு இருக்காரு. பக்கத்துலேர்ந்து நம்ம சிப்பாய் போய் முட்டணும். அப்பதான் நடு ஆட்டம் காணும்."

"சரி, நீ முட்டினியா?"

முட்டவில்லை. முதலில் ராஜாவைப் பத்திரப்படுத்தினாளாம். பிறகு ஒரு குதிரை. பிறகு ஓரத்துச் சிப்பாய். அதற்குள் வெள்ளைச் சிப்பாய் ஓரடி ஏறி மந்திரியின் வழியை அடைத்துவிட்டது. அதன்பின் இவளுடைய காய்களுக்கு மூச்சுவிட இடமில்லை.

"இன்னும் கொஞ்சம் தயாராயிட்டு இடிக்கலாம்னு நெனச்சேன்ப்பா. தயாராயிட்டே இருந்தேன்."

அப்போதுதான் அழுதாள். பதினைந்து வயதுப் பெண்ணை எப்படித் தேற்றுவது? தோளில் கைவைத்தேன். தள்ளிவிட்டுப் போய் உன் கட்டிலில் படுத்துக்கொண்டாள்.

ஞாயிறன்றும் கறுப்புதான் விழுந்தது. எதிரே போன வருடம் கோப்பை வாங்கிய போத்தி ஊர்ப் பெண். அதே தொடக்கம், நடுவில் அதே இரண்டு சிப்பாய்கள். இம்முறை இவள் காத்திருக்கவில்லை, முட்டினாள். ஒரு சிப்பாய் பறிபோனது. என் பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். ஆனால் நடு திறந்துகொண்டது. கடைசியில் ஆட்டம் சமன். திபிலிசியில் நடக்கும் இறுதிச் சுற்றுக்குப் போகும் வாய்ப்பு கிடைக்கவில்லை. வெளியே வந்து "பசிக்குதுப்பா" என்றாள். ஒரு முழு சீஸ் ரொட்டியை எனக்கு ஒரு துண்டுகூடத் தராமல் தின்றாள்.

நானூலி, நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பாட்டியம்மா இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார், இருக்கட்டுமா என்று போன மாதம் கேட்டாய். சரி என்றேன். கூரை மாற்றும்வரை என்றுதான் நீ போனாய். பிறகு என் இடுப்பு ஆபரேஷன் என்றோம். பிறகு தெக்லாவின் படிப்பு என்றோம். ஆறு வருடம் ஆகிவிட்டது. நான் சொன்ன அந்தச் சரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பாலத்தருகே உள்ள மெக்கானிக் கடையில் வேலை கேட்டிருக்கிறேன். கிடைக்காமலும் போகலாம். இருந்தாலும் நீ வா.

அந்த அம்மாவிடம் நல்லபடியாகச் சொல்லிக்கொண்டு புறப்படு. உன்னை அன்பாக வைத்திருந்தவர், அவர் மனம் நோக வேண்டாம்.

தெக்லா இப்போது உன்னைவிட உயரம். நீ நேரில் பார்க்க வேண்டும் என்று இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தேன்.

தேவமாதா உன்னைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும்.

உன்
ஓத்தர்