உன் கண் என்றுதான் நினைத்திருந்தேன்

அப்பா,

நேற்று உன் பேத்தி தன் உயிரியல் புத்தகத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஒரு வட்டம், அதற்குள் சிறிதும் பெரிதுமாய்ப் புள்ளிகள். "இதுல இன்னா நம்பர் தெரியுது, சொல்லுப்பா" என்றாள். பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து வீட்டில் இதே கூத்துதான். நொதிகள் பாடத்தின்போது வெறும் சோற்றை வாயில் போட்டு இனிக்கும்வரை மெல்லச் சொன்னாள். சுவாசம் வந்தபோது எல்லோரும் சுண்ணாம்பு நீரில் ஊதினோம். நேற்று மரபியல். எனக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன. நீ இருந்திருந்தால் உனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பு அரை மணி நேரம்கூட நிற்கவில்லை.

சிவப்பும் பச்சையும் நம் இருவருக்கும் ஒன்றுதானே. அந்த மாசி மகம் உனக்கு நினைவிருக்கும். சாமி கடலாட வருவதற்குள் படகுக்குப் புது வர்ணம் அடிக்க வேண்டும் என்று தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கரையேற்றி வைத்திருந்தாய். பாதிப் படகிலேயே பச்சை பெயின்ட் தீர்ந்துவிட்டது. போன வருடத்து டப்பா ஒன்று கிடந்தது. மேலே ஒட்டியிருந்த தாள் உரிந்துபோயிருந்தது. மூடியைத் திறந்து இருவரும் எட்டிப் பார்த்தோம். "அதேதான்டா" என்றாய். "அதேதாம்பா" என்றேன். சாயங்காலம் சோறு கொண்டு வந்த அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். படகின் முன்பாதி பச்சை, பின்பாதி செங்கல் நிறமாம். அவள் சொல்லித்தான் நமக்கே தெரியும்.

மீன் ஏலத்துக்கு வந்தவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். உனக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். நீயோ என் தோளில் கைபோட்டு, "எம் புள்ளடா! எங் கண்ணு அப்படியே வந்துருக்கு பாரு" என்று ஊருக்கே சொன்னாய். உன் உயரம் எனக்கு வரவில்லை, நீச்சலும் பாதிதான் வந்தது. கண்ணாவது வந்ததே என்று அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பிறகு அந்தக் கண்ணால்தான் கப்பல் வேலை போனது. எல்லாம் முடிந்து கடைசி மருத்துவச் சோதனையில் இதே மாதிரி ஒரு புள்ளிப் படத்தைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் சீக்கிரமே தேறிவிட்டேன். முத்தியால்பேட்டையில் ஜெராக்ஸ் கடை போட்டேன். கறுப்பு வெள்ளையில் எனக்கு என்ன குறை? நீதான் தேறவில்லை. தூரத்தில் ஒரு கப்பல் தெரிந்தால் போதும், "எங் கண்ணக் குடுத்து உம் பொழப்பக் கெடுத்துட்டேன்டா" என்று ஆரம்பித்துவிடுவாய். "வுடுப்பா" என்பேன். ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ என்னிடம் பேசியதும் அதுதான். என் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கிறவனைப்போல் சொல்லி அழுதாய்.

நேற்று உன் பேத்தி என்ன சொல்கிறாள் தெரியுமா? அது உன்னிடமிருந்து வந்ததே இல்லையாம். ஆண் பிள்ளைக்கு எக்ஸ் என்கிற குரோமோசோம் தாயிடமிருந்தும், ஒய் என்கிறது தகப்பனிடமிருந்தும் வருகிறது. இந்த நிறக்குறை எக்ஸில் ஏறி வருகிற சமாச்சாரம். "தாத்தா உனக்குக் குடுத்தது ஒய்தான். அப்ப இது ஆயாகிட்டருந்துதான் வந்திருக்கணும்" என்றாள்.

"ஆயாவுக்குத்தான் எல்லா நிறமும் தெரியுதே" என்று அம்மாவை வைத்து மடக்கினேன்.

"ஆயாவுக்கு ரெண்டு எக்ஸ்ப்பா. ஒண்ணு கோளாறா இருந்தாலும் இன்னொண்ணு பாத்துக்கும். உனக்கு இருக்கிறதே ஒண்ணுதான்."

கட்டம் போட்டுக் காட்டினாள். நான் தாளைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் நீ அந்தக் கட்டத்துக்கு வெளியேதான் நின்றாய்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உன் கோளாறு தனி, என் கோளாறு தனி, இரண்டும் தற்செயலாக ஒரே வீட்டில் வந்து சேர்ந்தன என்றால், நீ இத்தனை வருடம் வருந்தியது எதற்காக? நீ இருக்கும்போதே இவள் இந்தப் பாடத்தைப் படித்திருக்கக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது. உடனே இன்னொரு பயம். உன் தலையிலிருந்து இறக்கினால் அது அம்மாவின் தலையில் அல்லவா போய் உட்காரும்? "ஆயாகிட்ட மூச்சு வுடாத" என்று மகளிடம் சொன்னேன். நிமிர்ந்தால் அம்மா கதவருகில் நிற்கிறாள்.

"எங்கிட்ட இன்னாத்த மறைக்கிறீங்க?"

மகள் சொல்லிவிட்டாள். அம்மா அந்தக் கட்டம் போட்ட தாளை வாங்கிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

"எந் தம்பிக்கும் இந்தக் கண்ணுதான். மொளகா பறிச்சினு வாடான்னா பழத்தையும் காயையும் ஒண்ணாப் பறிச்சினு வருவான். ஒனக்குக் கப்பல் வேல போச்சே, அன்னிக்கே உங்கப்பாகிட்ட சொன்னேன், இது எங்க வூட்டுதா இருக்கும்னு."

"அப்பா இன்னா சொன்னாரு?"

"வாய மூடுன்னாரு. அது எங் கண்ணுதான், என்னோடதாவே இருக்கட்டும், புள்ளகிட்ட வேற எதையும் சொல்லி வெக்காதன்னாரு. சொல்லிட்டு வெளிய போயிட்டாரு."

நேற்றிலிருந்து எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை, அப்பா. நீ அம்மா சொன்னதை நம்பினாயா, இல்லையா? நம்பித்தான், அவள்மேல் ஒரு சொல் விழக் கூடாது என்று பழியை நீ வாங்கிக்கொண்டாயா? அப்படியென்றால் ஆஸ்பத்திரியில் அழுத அழுகை? உனக்குப் பொய்யாக அழ வராது, அது எனக்குத் தெரியும். இல்லை, படகடியில் ஊரைக் கூட்டி என்னை உன்னுடையவன் என்றாயே, அதை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் பழியையும் சேர்த்தே வைத்துக்கொண்டாயா? அம்மாவைக் கேட்டேன். "அந்த மனுசன் மனசுல இருந்தது யாருக்குத் தெரியும்" என்று எழுந்து போய்விட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஏன் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. நீ இப்போது இருந்தால் உன் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். கேட்டுவிட்டுக் கட்டிக்கொண்டிருப்பேன்.

இன்று காலை கடைக்கு ஒருவர் கலர் பிரிண்ட் எடுக்க வந்தார். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பூவு செவப்பா வரலியேங்க" என்றார். எனக்கு நிறம் தெரியாது, வீட்டுக்காரம்மா வரட்டும் என்றேன்.

"பொறவிலேர்ந்தேவா?"

"ஆமாங்க. எங்கப்பாகிட்டருந்து வந்தது."

யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்துவிட்டது. டியூஷனுக்குக் கிளம்பிக் கடை வாசலில் நின்ற உன் பேத்தி சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். திருத்த வாயெடுத்தவள், என்ன நினைத்தாளோ, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பரிச்சையில மட்டும் சரியா எழுதிடும்மா" என்றேன்.