சின்னவளுக்கு வந்த வாசிக்கும் புத்தகம்

என் தங்கமே,

இங்க நாங்க மூணு பேரும் சுகம், அங்க நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கேதானே, இல்லைன்னா மறைக்காம சொல்லிடு. போன் இருக்க அம்மா எதுக்குக் கடிதாசி எழுதறான்னு சிரிக்காதே. இதை வாயால சொன்னா பாதியிலேயே அழுதுடுவேன், அப்புறம் நீயும் ஆபீஸ்ல உட்கார்ந்து அழுவே. பயப்படாதே, நல்ல சேதிதான். உன் தங்கச்சி இந்த வருஷம் பாஸ் ஆயிடுவான்னு வகுப்பு டீச்சரே சொல்லிட்டாங்க. அப்பாடா! எழுதும்போதே மூச்சு சீரா வருது.

நடந்ததை முதல்ல இருந்து சொல்றேன். அவ காதால கேட்டா ஒரே தடவையில பிடிச்சுக்குவா, அதையே அச்சுல காட்டினா வரியெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்குதும்பா, அது உனக்கே தெரியும். நீ இருந்தவரைக்கும் நீ வாசிச்சுக் காட்டினே, நீ போனதும் அது என் தலையில விழுந்துச்சு. மருந்துக்கடையில நாள் பூரா நின்னுட்டு வந்து, வெந்நீர்ல காலை வச்சுக்கிட்டு, மடியில புத்தகத்தை விரிச்சு வாசிப்பேன். அப்படியும் அரைப் பரீட்சையில மூணு பாடம் போச்சு. இப்படியே போனா இதே வகுப்புல இன்னொரு வருஷம் இருக்கணும்னு பள்ளிக்கூடத்துல கடிதம் கொடுத்துட்டாங்க. அவ அதைக் கொண்டுவந்து மேசை மேல வச்சுட்டு, என்னால சின்னப் பிள்ளைங்களோட உட்கார முடியாது, எனக்குப் பள்ளிக்கூடமே வேண்டாம்னு சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கிட்டா. பஸ் ஓட்டிட்டு வந்த உன் அப்பா, பாதிச் சாப்பாட்டுல கையைக் கழுவிட்டு எழுந்துட்டார்.

இப்ப ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. வருஷ ஆரம்பத்துலேயே பள்ளிக்கூட நூலகத்து அம்மா ஒரு படிவம் கொடுத்தாங்க. அதை நிரப்பி டாக்டர் சான்றிதழோட கொடுத்தா, இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னே தயார் பண்ணின பாடப் புத்தகம் கம்ப்யூட்டர்லேயே வரும், அதுவே வாசிச்சுக் காட்டும்னாங்க. அந்தப் படிவத்துல குறைபாடுன்னு ஒரு கட்டம், அங்க டிக் போடணும். எனக்குக் கை வரலைடி. என் பிள்ளைக்கா குறைபாடுன்னு ஒரு ரோஷம், நாலா மடிச்சுக் கைப்பையில தள்ளிட்டேன். பள்ளிக்கூடத்துக் கடிதம் வந்த பிறகும் புத்தி வரலை பாரு. யாருக்கும் தெரியாம நாமே பண்ணிக்கலாம்னு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரமா உட்கார்ந்து அறிவியல் புத்தகம் மொத்தத்தையும் போன்ல படம் பிடிச்சோம். உன் அப்பா பக்கத்தைப் பிடிக்க நான் எடுத்தேன், பாதிப் படத்துல அவர் கட்டைவிரல்தான் பெரிசா இருக்கு. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி, வாசிக்கச் சொல்லிப் பட்டனை அமுக்கிட்டு மூணு பேரும் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்தோம். அது படம் ஒன்று, படம் இரண்டு, படம் மூன்றுன்னு எண்ணிக்கிட்டே போச்சே தவிர ஒரு வரி வாசிக்கலை. நானும் உன் அப்பாவும் சிரிச்சுட்டோம். சின்னவ சிரிக்கலை, எழுந்து போயிட்டா. எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு.

மறுநாளே கடையில அரை நாள் லீவு சொல்லிட்டு நூலகத்து அம்மா முன்னால போய் நின்னேன். அவங்க திட்டலை. நீங்க எடுத்தது நம்ம கண்ணுக்குத்தான் எழுத்து, கம்ப்யூட்டருக்கு வெறும் படம், அதை எழுத்தா மாத்தவும் வழி இருக்கு, ஆனா கட்டைவிரலை எப்படி வாசிக்கறதுன்னு கேட்டுச் சிரிச்சாங்க. படிவத்தை அங்கேயே நிரப்பினேன், அந்தக் கட்டத்துல டிக்கும் போட்டேன். வானம் ஒண்ணும் இடிஞ்சு விழலை. டாக்டர்கிட்ட சான்றிதழ் வாங்கிக் கொடுத்த பத்து நாள்ல எல்லாப் பாடமும் வந்துடுச்சு. எழுத்தைப் பெரிசாக்கலாம், வரியைத் தள்ளித் தள்ளி வைக்கலாம், வாசிக்கற வார்த்தை மேல மஞ்சள் நிறம் கூடவே ஓடுது, படம் வந்தா அதுல என்ன இருக்குன்னும் சொல்லுது. இதயத்தோட படத்தை அது விளக்கினதைக் கேட்டு எனக்கே இப்பதான் புரிஞ்சுது, இத்தனை வருஷமா இதய மாத்திரை எடுத்துக் கொடுக்கறவ நான்! போன வாரம் அவளுக்கு அறிவியல்ல அறுபத்தெட்டு. உன் அப்பா அந்தத் தாளை பஸ் டிப்போவுக்கே எடுத்துட்டுப் போயிட்டார், தாள் இன்னும் வீட்டுக்குத் திரும்பி வரலை.

இனிமேதான் நான் அழுத சங்கதி. நேத்து சாயங்காலம் அவ வரலாற்றுப் பாடத்தை சத்தமா ஓடவிட்டுக் கேட்டுக்கிட்டிருந்தா, நான் பக்கத்துல துணி மடிச்சேன். திடீர்னு ஒரு பத்தி வந்துச்சு, நான் அவளுக்கு வாசிக்காத பத்தி. கால் வலி தாங்காத நாள்ல, இவளுக்கு எங்கே தெரியப்போகுதுன்னு நடுநடுவே விட்டுட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிடுவேன்டி. உன் அப்பாவுக்குக்கூட இது தெரியாது. அரைப் பரீட்சையில கேட்டதுல எத்தனையோ நான் விட்ட இடத்துல இருந்துதான் வந்திருக்கு. பாவி நான்தான் உன்னைத் தோக்க வச்சேன்னு அவகிட்ட சொல்லிட்டேன். அவ பாடத்தை நிறுத்திட்டு, அது அப்பவே தெரியும்மான்னா. பக்கம் சீக்கிரமா புரள்றப்பவே தெரிஞ்சுடும், கேட்டா நீ திரும்பவும் உட்கார்ந்து வாசிப்பே, உன் கால் வீங்கியிருந்துச்சு, அதான் கேட்கலைன்னா. சொல்லிட்டு மறுபடியும் பாடத்தை ஓடவிட்டா. மூணு பாடத்துல தோத்துட்டு வந்து நின்னப்பகூட அவ வாயைத் திறக்கலை, பார்த்தியா.

தங்கச்சியை விட்டுட்டு வந்துட்டேனேன்னு போன் பேசும்போதெல்லாம் புலம்புவியே, அதை இன்னையோட விட்டுடு. நீ எடுத்துக்கிட்ட வேலையில நல்லா வரணும், நோய் நொடி இல்லாம இருக்கணும், நிம்மதியா தூங்கணும், அதுதான் எங்க ரெண்டு பேர் ஆசீர்வாதமும். வர்ற புதன்கிழமை அவளுக்கு முழுப் பரீட்சை ஆரம்பிக்குது, காலையில எழுந்ததும் மறக்காம ஒரு போன் பண்ணு. பாடத்தைப் பத்தி எதுவும் கேட்காதே, அதெல்லாம் அவளுக்கு நம்ம எல்லாரையும்விட நல்லாத் தெரியும்.

இப்படிக்கு,
உங்க ரெண்டு பேரையும் பெத்த
அம்மா