கன்றிப்போன தோள்

செப்டெம்பர் 13, சனி

இன்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு வகுப்புத் தோழி லேனாவுடன் துப்பாக்கி சுடும் இடத்துக்குப் போனேன். அவளுடைய அப்பா இந்த நாட்டு இராணுவத்தின் பழைய துப்பாக்கியான தன் கரபீனரைத் தந்து சுடச் சொன்னார். போர்க்காலத்தில் செய்தது, ஆனால் ஒரு போரையும் காணாதது, இதைவிட நேர்த்தியான துப்பாக்கி இல்லை என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பக்கத்துக் கைப்பிடியை நேராகப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த குண்டு உள்ளே போய்விடுகிறது. சுடும்போதெல்லாம் துப்பாக்கியின் மரக்கட்டை தோளில் இடித்தது. ஆனாலும் அழகாக இருக்கிறது என்று நானே சொன்னேன். அம்மாவின் அண்ணன் யாழ்ப்பாணத்தில் துப்பாக்கிச் சூடுபட்டு இறந்தவர். எங்கள் வீட்டில் தம்பிக்கு விளையாட்டுத் துப்பாக்கிகூட வாங்குவதில்லை.

சாப்பிடும்போது அம்மா என் தோளைக் கண்டுவிட்டார்.

"என்னடி இது, நீலமாக் கிடக்கு?"

"வொலிபோல் விளையாடேக்க பந்து பட்டது."

அம்மா எண்ணெய் எடுக்கப் போனார். அப்பா அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கட்டையைத் தோளோட இறுக்கிப் பிடிக்கேல்லையோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

அம்மா எண்ணெயோடு திரும்பி வந்ததும் அப்பா, "ஓம், பந்துதான் பட்டிருக்கு" என்றார்.

ஊரில் கடையில் வேலை செய்ததாகத்தான் அப்பா சொல்லியிருக்கிறார். அம்மாவும் அதைத்தான் நம்புகிறார். கடையில் நின்றவருக்குத் துப்பாக்கிக் கட்டையைப் பிடிக்கும் விதம் எப்படித் தெரியும்? என்னால் இன்று அப்பாவும் பொய் சொல்ல வேண்டி வந்தது. நாளைக்கு அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. தோள் இன்னும் எண்ணெய் மணக்கிறது.