எனக்கென்று வாங்கிய கார்டு

விருத்தாசலம்
19.8.2007

அன்பு மகன் பாரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம். புனேயில் விடாமல் மழை என்று டிவியில் சொன்னார்கள், நனையாமல் ஆபீஸ் போய் வா. அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, நேற்று பெண்ணாடம் மில்லுக்கு பஸ்ஸில் போய்க் கரும்பைப் பதிந்துவிட்டு வந்தார். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்து கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுத்தாயே, அதற்கு முன் எத்தனை தடவை சொன்னேன், பழைய மானிட்டரே போதும், பெட்டி மட்டமானதாக இருக்கட்டும், கிராபிக்ஸ் கார்டில் மட்டும் கை வைக்காதே, பொம்மையை எல்லாப் பக்கமும் திருப்பி வரைய அதுதான் வேண்டும் என்று நான் போகிற கம்ப்யூட்டர் வகுப்பில் சொன்னார்கள் என்று. அதற்கும் சேர்த்துத்தான் பணம் அனுப்பினேன். நீயோ, “இந்த போர்டுல கார்டு போட எடமே இல்லம்மா, உள்ளயே எல்லாம் இருக்குது” என்றாய். நீளமாக ஒரு பள்ளம் காலியாகக் கிடக்கிறதே என்று கேட்டேன். “அது வேற எதுக்கோ” என்றாய். படித்த பிள்ளை, நம்பினேன்.

போன மாதம் எங்கள் பொம்மை யூனிட்டுக்கு சென்னையிலிருந்து ஒருவர் கொலு பொம்மை ஆர்டரோடு வந்தார். தசாவதார செட்டுக்கு மாதிரியை கம்ப்யூட்டரில் காட்ட வேண்டும் என்றார். முதலாளியம்மா பெரியநாயகி என்னைத்தான் வரையச் சொன்னார். நான் ஸ்ரீமுஷ்ணம் போய், முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி நிற்கிற சாமியை நன்றாகப் பார்த்துவிட்டு வந்து, இருபது நாள் உட்கார்ந்து வராகரை வரைந்தேன். அவர்கள் இருவரும் நம் வீட்டுக்கே வந்து பார்த்தார்கள். பொம்மையைத் திருப்பினேன், பாதியில் நின்றது. மறுபடி திருப்பினேன், திரையே உறைந்துபோயிற்று. அந்த மனுஷர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுநாள் பெரியநாயகியம்மா, “தப்பா நெனைக்காத பூங்கோத, கடலூர்ல ஒருத்தருக்கு குடுத்துட்டாங்க” என்றார். பதினெட்டு வருஷமாக வர்ணம் பூசுகிறவளுக்கு முதல் முறையாகக் கிடைத்த மாதிரி வரையும் வேலை அது.

பாலக்கரை கம்ப்யூட்டர் கடைக்காரர் சாமிதுரையைக் கூட்டிவந்து பெட்டியைத் திறந்து காட்டினேன். “அக்கா, இந்தப் பள்ளமே கார்டுக்குத்தாங்க” என்றார். அன்றைக்குத்தான் உனக்கு போன் செய்தேன். நீ சிரித்தாய் பாரி. “நீ போட்டோதான பாக்கப் போறன்னு நெனச்சேம்மா, உனக்கு எதுக்கு அது? இங்க என் மெஷின்ல போட்டுக்கிட்டேன், கேம் நல்லா ஓடுது” என்றாய். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே. என் பக்கத்திலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எப்படி மனசு வந்தது? நான் அதில் என்ன செய்யப் போகிறேன் என்று அத்தனை தடவை சொன்னேனே, ஒரு வார்த்தையாவது காதில் வாங்கினாயா?

பிறகு நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். சாமிதுரை இரண்டு கார்டு காட்டினார். பெரியதற்கு நம் பெட்டியில் இருக்கிற பவர் சப்ளை தாங்காது, அதையும் மாற்ற வேண்டும் என்றார். அப்படியென்றால் சின்னது போதும், ஆனால் என் வராகரை இதில் ஓட்டிக் காட்டுங்கள், அப்புறம்தான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டேன். அவர் போட்டுக் காட்டினார். சாமி ஒரு சுற்று முழுக்கத் திரும்பி வந்தார், எங்கேயும் நிற்கவில்லை. கடையிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. போன ஆர்டர் போனதுதான். கார்டை வாங்கிவந்து பெரியநாயகியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அடுத்த மாதிரியை என்னிடமே தருவதாகச் சொல்லியிருக்கிறார், பார்ப்போம்.

நீ எடுத்துக்கொண்ட கார்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம், வைத்துக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள், பழமலைநாதர் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார். தீபாவளிக்கு டிக்கெட் இப்போதே போட்டுவிடு, அப்பா உன்னைத் தேடுகிறார். நானும்தான். வந்தால் என் கம்ப்யூட்டரை மட்டும் நீ திறக்க வேண்டாம்.

உன் அம்மா
பூங்கோதை