முதலில் என்ன செய்வீர்கள்?

செவ்வாய், காலை ஆறு மணி

அன்புத் துணைவிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பாடும் தூக்கமும் நேரப்படி நடக்கின்றன. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவாய். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நீ சிரித்தே என் வாக்கியங்களைக் கலைத்துவிடுகிறாய். மேலும், இன்று நான் சொல்ல வேண்டியது எழுத்தில் இருக்க வேண்டிய விஷயம்.

தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாட்கள். இது மூன்றாவது முறை. இந்த நாட்டு விதிப்படி கடைசி முறையும் இதுவே. தேறினால் நர்ஸ் உரிமம் கைக்கு வரும். பெரிய மருத்துவமனையில் எனக்காக நிறுத்தி வைத்திருக்கும் அறுவைச் சிகிச்சை வார்டு வேலையும் வரும். அந்த வேலைக்கு வருபவர் தம் குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம். தேறாவிட்டால் மாதக் கடைசியில் ஊருக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மகள் கேட்டால், அப்பா படித்துக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் சொல்.

முதியோர் இல்ல வேலை வழக்கம்போலவே நடக்கிறது. நம்மூரில் இருபத்தாறு வருடம் நர்ஸ், அதில் பதினோரு வருடம் வார்டு இன்சார்ஜ். ஆனாலும் உரிமம் இல்லாத உதவியாளன் இங்கே ஒரு காய்ச்சல் மாத்திரையைக்கூடத் தன் கையால் எடுத்துக் கொடுக்கக் கூடாது. விதி அப்படி, அதில் எனக்குக் குறையில்லை. படுக்கை விரிக்கிறேன், முகம் மழித்துவிடுகிறேன், சக்கர நாற்காலி தள்ளுகிறேன். மூன்றாம் அறைப் பெரியவருக்கு மூச்சு வாங்கும்போது மட்டும் என் விரல்கள் தாமாகவே அவருடைய மணிக்கட்டைத் தேடிப் போய்விடுகின்றன.

இனி, விஷயத்துக்கு வருகிறேன். என் தோல்விக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அவசரமாக எழுதுகிறேன். எழுத்து சாய்ந்திருந்தால் மன்னிக்கவும்.

மருந்தின் அளவு, உடற்கூறு, கிருமிநீக்கம் ஆகியவற்றில் நான் பிழை செய்வதே இல்லை. ஆனால் ‘முதலில் என்ன செய்வீர்கள்?’ என்று ஒரு வகைக் கேள்வி உண்டு. நான்கு விடைகள் தருவார்கள். நான்குமே சரியாகத்தான் தோன்றும். எது முதல் என்பதுதான் கேள்வி. மாதிரித் தேர்வில் அவ்வகையில் ஐம்பது எழுதி, முப்பத்தொன்றைத் தவறவிட்டேன். தவறியவற்றை ஸ்கேலால் கோடு போட்டு அட்டவணையாக்கிப் பார்த்தேன். முப்பத்தொன்றில் இருபத்தேழில் நான் தேர்ந்த விடை ஒன்றே: ‘மருத்துவருக்குத் தெரிவிப்பேன்.’

விடைப் பட்டியல்தான் தவறு என்று முடிவு செய்து, புத்தகம் அச்சிட்டவர்களுக்கு இரண்டு பக்க ஆட்சேபக் கடிதமும் தயாரித்துவிட்டேன். (சிரிக்காதே.) அதை மின்னலிடம் படித்துக் காட்டினேன். மின்னல் என்பது என்னோடு இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டே இதே தேர்வுக்குப் படிக்கும் பெண். முப்பது வயது இருக்கும். கேள்வியைப் பாதி படிக்கும்போதே விடையைத் தட்டிவிடுவதால் பயிற்சி வகுப்பில் வைத்த பெயர். துணி மடிக்கும் அறையில், மதிய இடைவேளையில், இருவரும் சேர்ந்து படிக்கிறோம். அவள் போர்வை மடிப்பதை நிறுத்தாமலே முழுக் கடிதத்தையும் கேட்டாள். பிறகு சொன்னாள்:

“சரிண்ணா, டாக்டருக்குப் போன் போட்டாச்சு. பேஷண்ட் எப்படி இருக்கார்னு அவர் கேப்பாரே, என்ன சொல்வீங்க? நீங்கதான் இன்னும் போய்ப் பாக்கவே இல்லையே.”

கையில் இருந்த தலையணை உறையை நான்கு முறை மடித்துப் பிரித்தேன்.

அப்போது ஒன்பதாம் நம்பர் படுக்கை நினைவுக்கு வந்தது. நீ என் வார்டில் நர்ஸாக இருந்தபோது நடந்தது, உனக்கு மறந்திருக்காது. அறுவை முடிந்த நோயாளி. இரண்டு மணி நேரமாகப் பையில் சிறுநீர் இறங்கவில்லை. இன்சார்ஜாகிய நான் விதிப்படி மருத்துவருக்குப் போன் செய்தேன். அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு, கை கழுவிய ஈரத்தோடு மூன்று மாடி ஏறி மூச்சிரைக்க வந்து நின்றபோது, பையில் சிறுநீர் அரைவாசி நிறைந்திருந்தது. நோயாளியின் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்த குழாயை நீ நிமிர்த்திவிட்டிருந்தாய். அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் உனக்கு மெமோ கொடுத்தேன். ‘உத்தரவுக்குக் காத்திராமல் செயல்பட்டமைக்கு விளக்கம் கோரப்படுகிறது.’ நீ முறைப்படி மூன்று வரியில் பதில் எழுதினாய்: ‘குழாய் மடங்கியிருந்தது. நிமிர்த்தினேன். இனியும் நிமிர்த்துவேன்.’ அதன்பின் ஒரு வாரம் வீட்டிலும் என்னை ‘இன்சார்ஜ் சார்’ என்றே கூப்பிட்டாய். குழம்பு வேண்டுமா என்று கேட்பதற்குக்கூட.

அந்தக் கேள்வி, ஒரு சொல் பிசகாமல், என் மாதிரித் தேர்வில் பதினான்காவதாக இருக்கிறது. சரியான விடை: குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். நான் தேர்ந்தது எது என்பதை நீயே ஊகித்துக்கொள்.

ஆகவே எழுத்தில் தெரிவிப்பது: அந்த மெமோ பிழையானது. அது திரும்பப் பெறப்படுகிறது.

நேற்று மாலையிலிருந்து புதிய முறையில் படிக்கிறேன். ஒவ்வொரு கேள்வியிலும் நீ அந்தப் படுக்கையருகே நிற்பதாக வைத்துக்கொண்டு, உன் கை எங்கே போகும் என்று பார்க்கிறேன். நேற்றைய ஐம்பதில் நாற்பத்து நான்கு சரி. மின்னல், “அண்ணாவுக்குப் பேய் புடிச்சிருச்சு” என்கிறாள். மறுக்கவில்லை.

உன் கணவன்

•

சனிக்கிழமை, பிற்பகல்

அன்புத் துணைவிக்கு,

தேறிவிட்டேன்.

நீ கடைசிப் பக்கத்துக்குப் போகாமலிருப்பதற்காக அதை இங்கேயே எழுதிவிட்டேன். இனி வரிசையாகச் சொல்கிறேன்.

தேர்வு மையத்துக்கு ஐம்பது நிமிடம் முன்பாகவே போய்விட்டேன். சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள். கைமடிப்பை அவிழ்க்கச் சொன்னார்கள். மூக்குக் கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இவ்வளவு ஒழுங்கான இடத்தை நான் கண்டதில்லை; மனம் குளிர்ந்தது. வாசலில் இருந்த அம்மையார், இவ்வளவு சந்தோஷமாகச் சோதனைக்கு நிற்பவரைத் தாம் பார்த்ததில்லை என்றார்.

இந்தத் தேர்வின் முறை உனக்குத் தெரியும். ஒரு விடை சரியானால் கணினி அதைவிடக் கடினமான கேள்வியைத் தரும். நம்மைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தவுடன் நின்றுவிடும். குறைந்தது எண்பத்தைந்து கேள்விகள். முந்தைய இரண்டு முறையும் எனக்குச் சரியாக எண்பத்தைந்தில் நின்றது. தேறாதவன் என்று அதற்கு அவ்வளவு சீக்கிரம் தெரிந்துபோனது.

இம்முறை எண்பத்தைந்துக்கு விடை தட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது திரையில் எண்பத்தாறு. இந்த வயதில் ஒரு கேள்வியைப் பார்த்து எனக்கு அழுகை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இயந்திரம் இன்னும் என்னைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது!

தொண்ணூற்று எட்டாவது கேள்வியைச் சொல்கிறேன். பொதுவாகத்தான் சொல்கிறேன், கேள்விகளை வெளியிடுவதில்லை என்று கையெழுத்திட்டிருக்கிறேன். அறுவை முடிந்தவர். நாடி வேகம், ரத்த அழுத்தம் இறக்கம், கட்டு நனைந்திருக்கிறது. நர்ஸ் காயத்தை அழுத்திப் பிடித்தாயிற்று, பிராணவாயு வைத்தாயிற்று, எல்லாம் பார்த்தாயிற்று. இனி என்ன? நான்கு விடைகளில் ஒன்று, ‘மருத்துவருக்குத் தெரிவிப்பேன்.’

ஒன்பது நாட்களாக நான் பாம்பைக் கண்டதுபோல் தாண்டிச் சென்ற விடை. விரல் பின்வாங்கியது. பிறகு படுக்கையருகே நீ நிற்பதைப் பார்த்தேன். உன் இரண்டு கையும் காயத்தின்மேல் இருந்தன. தலையை மட்டும் திருப்பி, “ஏங்க, அங்க நின்னு என்ன பாக்கறீங்க, டாக்டரக் கூப்பிடுங்க” என்றாய். தட்டிவிட்டேன். இப்போது அவரிடம் சொல்வதற்கு என்னிடம் விஷயம் இருந்தது. இதை முன்பே புரிந்துகொண்டிருந்தால் ஒரு நல்ல மனிதரின் சாப்பாடு ஆறியிருக்காது.

நூற்றுப் பதினோராவது கேள்வியோடு திரை வெறுமையாயிற்று. அதன்பின் இரண்டு நாட்கள். அந்த இரண்டு நாட்களைப் பற்றி எழுத மாட்டேன். இன்று காலை இடைவேளையில், போனில் முடிவைத் திறந்து பார்க்க என் கை ஒத்துழைக்கவில்லை. மின்னல் பிடுங்கிப் பார்த்தாள். மடித்து வைத்திருந்த போர்வைகளை எல்லாம் என் தலைமேல் கொட்டினாள். மூன்றாம் அறைப் பெரியவர் விஷயம் கேட்டுத் தம் மணிக்கட்டைத் தாமே நீட்டினார். உரிமம் கைக்கு வந்து சேராததால், கை மட்டும் குலுக்கினேன்.

இத்துடன் ஓர் உறை இருக்கிறது. அதில் உள்ளது இதே தேர்வுக்கான விண்ணப்பம், உன் பெயரில். பணிச் சான்றுக்கு எங்கே எழுத வேண்டும் என்பதைத் தனித்தாளில் குறித்திருக்கிறேன். நீ கையெழுத்திட வேண்டிய மூன்று இடங்களிலும் பென்சிலால் மெல்லிய கோடு போட்டிருக்கிறேன்.

நாற்பத்தாறு வயதில் யார் படிப்பார்கள் என்று கேட்பாய். ஐம்பதில் படித்தவன் எழுதுகிறேன். மகளின் பள்ளிப்படிப்பு இந்த ஆண்டோடு முடிகிறது. இங்கே கல்லூரி பதினைந்து நிமிட நடை. குடும்பமாக வந்தால் நீ வீட்டிலிருக்கலாம், அதற்கும் அனுமதி உண்டு. ஆனால் இந்த ஒன்பது நாட்களும் உன் கைகளைப் பார்த்து விடை எழுதியவன் நான். அந்தக் கைகளைச் சும்மா இருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ தேறினால், என்னைவிடச் சீக்கிரம் இன்சார்ஜ் ஆகிவிடுவாய். உன் வார்டில் வேலை பார்க்க எனக்கு ஆட்சேபம் இல்லை என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

விண்ணப்பத்தில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். தேதியை மட்டும் விட்டிருக்கிறேன்; அது உன் கையால் எழுதப்பட வேண்டும். பதில் எழுத நாள் எடுத்துக்கொள்ளாதே. முறைப்படி இன்னும் இரண்டு பத்தி எழுதலாம், ஆனால் முடியவில்லை. வந்துவிடு.

உன் கணவன்