ஒன்பது டி வகுப்பின் பேஸ்போல்

ஆகஸ்ட் 11, திங்கள்

இங்கே வெரிபீயில் ஆகஸ்ட் குளிர்காலம். கூதல் காற்று. கார் ஹீட்டர் இன்னும் சரியில்லை.

நான் கணிதம் படிப்பிக்கிற ஒன்பது டி-க்கு இப்போது தசமம். பாடசாலையே கைவிட்ட வகுப்பு. போன மாதம் நான் பேஸ்போல் மட்டைகளோடு போனபோது கணிதப் பிரிவுத் தலைவர் மார்க் சிரித்தார்: "விளையாடட்டும். சத்தம் போடாமல் இருந்தால் சரி."

இன்று மைதானத்தில் டைலர் ஆறு தடவை மட்டை பிடித்து இரண்டு தடவை அடித்தான். ஜாஸ்மின் எட்டுக்கு மூன்று. யாருடைய அடி விகிதம் கூட? சண்டை. வகுப்பில் தூங்கி வழிகிற ஜாஸ்மின், ஈரப் புல்லில் குந்தியிருந்து வகுத்தாள். "பொயின்ட் த்ரீ செவன் ஃபைவ். உனக்கு வெறும் த்ரீ த்ரீ த்ரீ." கல்குலேட்டர் இல்லாமல்!

ஆகஸ்ட் 13, புதன்

மழை. கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன்.

மார்க் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை பெற்றோர் பாடசாலை பார்க்க வருகிறார்களாம். பேஸ்போல் பாடத்தை அவருடைய ஒன்பது ஏ செய்து காட்டுமாம். "நல்ல யோசனை. விளங்கக்கூடிய பிள்ளைகளுக்குக் கொடுப்போமே." என் வகுப்பு உள்ளே இருந்து பயிற்சித்தாள் செய்யட்டுமாம்.

விளங்கக்கூடிய பிள்ளைகள்! எழுந்து வந்தேன். கதவை அடித்துச் சாத்தினேன், அவ்வளவுதான் என் வீரம்.

வீட்டில் இவர்: "விடுமன். எல்லா இடத்திலும் உதுதானே."

அதுதான் எரிகிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பாழாய்ப்போன வெயில். ஜன்னலுக்கு வெளியே ஒன்பது ஏ. கையில் எங்கள் மட்டைகள். பெற்றோர் கைதட்டல். டைலர் பயிற்சித்தாளைக் கிழித்தான். கிழிக்கட்டும்.

ஜாஸ்மின்: "மிஸ், அது எங்கள் விளையாட்டு." பிறகு தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டாள்.

பொறுக்க முடியவில்லை. "எழும்புங்கோ!" தமிழில்தான் வந்தது. எல்லோருக்கும் விளங்கியது. மைதானத்துக்குக் கூட்டிப்போனேன்.

மார்க், பெற்றோருக்குச் சிரிப்பைக் காட்டியபடி பல்லுக்குள்: "உள்ளே கூட்டிப் போ."

"இது இவர்களுடைய பாடம்." எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன். ஜாஸ்மின் போய் மார்க்கின் கையிலிருந்த மட்டையை வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அதிபர் அறை. மார்க்கும் இருந்தார். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள்.

"எதற்கு?"

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த தவணை ஒன்பது டி எனக்கு இல்லை என்றார் அதிபர்.

வெளியே வந்தால் ஜாஸ்மினும் டைலரும். செய்தி அதற்குள் போய்விட்டது.

"மிஸ், எங்களாலேயா?" என்று ஜாஸ்மின் கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

ஒரு பிள்ளையை இப்படிக் கேட்க வைத்துவிட்டார்களே. வகுப்பைப் பறித்ததைக்கூட விடலாம். இதை மன்னிக்க மாட்டேன்.