ஒட்டுத் தெரியாத வெட்டு

பொங்கோல், சிங்கப்பூர்
3 மார்ச் 2025

அன்புள்ள இனியா அக்காவுக்கு,

வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். அதனால் தபால். ஸ்டாம்ப் வாங்க வரிசையில் நின்ற எரிச்சலோடு எழுதுகிறேன்.

உன் பாட்டு ரேடியோவில் வர வேண்டுமானால் லாரி வரி இருக்கக் கூடாது, தொழிலாளர்களை லாரியில் ஏற்றுவதைப் பற்றிப் பேசினால் சர்ச்சையாகும் என்று ரேடியோ பாட்டு விழாக்காரர்கள் சொன்னார்கள். வெட்டினேன். ஒரே ஒரு வரி. ஒட்டு எங்கே என்று எந்த சவுண்ட் இன்ஜினியராலும் சொல்ல முடியாது. அவ்வளவு சுத்தமான வேலை. இதற்கா பேசாமல் இருக்கிறாய்?

அம்மாவுக்கு முட்டிவலி எப்படி?

தம்பி,
இளமாறன்

பூன் லே
9 மார்ச்

அன்புத் தம்பி மாறனுக்கு,

வலி தேவலை. தைலம் தீர்ந்துவிட்டது, வாங்கி வா என்று சொல்ல மாட்டேன்.

“லாரி முதுகில் நனைந்து நனைந்து அப்பா போனார் வேலைக்கு.” அந்த வரிக்காகத்தான்டா மற்ற வரிகளையே எழுதினேன். அம்மாவிடம் முதலில் பாடிக்காட்டியதும் அதைத்தான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ.

ரேடியோவில் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: “அப்பா லாரியில போனதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சாம்மா? பரவால்ல லா, பாட்டு நல்லாத்தான் இருக்கு.”

மாறன்தான் வெட்டினான் என்றேன்.

“அவன் மேல போடாதே. வெட்டின மாதிரியே இல்லையே.”

உன் சுத்தமான வேலை இதுதான்.

அக்கா

ஜாலான் புசார்
17 மார்ச்

அக்கா,

ஸ்டூடியோவில் இருந்தே எழுதுகிறேன். கணினியில் ஏற்ற ஒரு பழைய இசைத்தட்டு வந்தது. ஒரு பாட்டின் மேல் மட்டும் குறுக்கே ஆணிக்கீறல். முதலாளி கதிரேசன் அண்ணன் சொன்னார்: “ரேடியோவுல போடக் கூடாதுன்னு முடிவு பண்ணின பாட்டு. யாரும் தெரியாமக்கூட போட்டுடக் கூடாதுன்னு கீறி வெச்சிருக்காங்க.”

சரிசெய்ய உட்கார்ந்தேன். கை வரவில்லை. கீறியவன் முரடன்தான். ஆனாலும் இங்கே ஒரு பாட்டு இருந்தது என்று காட்டிவிட்டுப் போயிருக்கிறான். நான் அதைக்கூட விடவில்லை.

விழாக்காரர்களிடம் போனேன். வரியைத் திரும்பச் சேர்க்க முடியாதாம். அப்படியானால் அந்த இடம் மௌனமாக இருக்கட்டும் என்றேன்.

“கோளாறுன்னு நினைப்பாங்களே?”

“நினைக்கட்டும். என் பேரைப் போடுங்க.”

ஞாயிறு காலை மறுபடி வருகிறது. அம்மாவைக் கேட்கச் சொல்.

மாறன்

பூன் லே
23 மார்ச், ஞாயிறு

மாறா,

கேட்டோம். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்த இடத்தில் பாட்டு நின்றது. அம்மாவின் கையும் நின்றது. பிறகு, கீரையைப் பார்த்தபடியே, அம்மா அந்த வரியைப் பாடினார். சுருதி கொஞ்சம் கீழேதான். பாடி முடிக்கவும் ரேடியோவில் என் குரல் திரும்ப வரவும் சரியாக இருந்தது.

“அவன்தான் வெட்டினானா?” என்றார். கீரையை அலசிவிட்டு, “சாப்பிட வரச் சொல்லு.”

தைலத்தோடு வா. பிளாக்கை இன்னும் எடுக்கவில்லை. கடிதத்தில்தான் நீ எதையும் வெட்டாமல் எழுதுகிறாய்.

அன்புடன்,
அக்கா